ஆக்சிஜன் ஏ பட்டை: கோடு வலிமை ஒத்துவராதபோது எங்கே தேடுவது

ஏ பட்டை என்பது 760 நானோமீட்டர் பக்கம் ஆக்சிஜன் ஒளியை உறிஞ்சும் கோடுகளின் தொகுதி. அங்கே ஒரு டயோடு லேசரையும் ஒரு வாயு செல்லையும் வைத்து அந்தக் கோடுகளை அளப்பவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "என் கோடு வலிமை ஹிட்ரான் பட்டியலோடு ஒத்துவரவில்லை." (ஹிட்ரான் என்பது மூலக்கூறுகளின் நிறமாலைக் கோடுகளைத் தொகுத்துவைத்திருக்கும் தரவுத்தளம்.) எவ்வளவு வித்தியாசம் என்றால் "பத்து சதவீதம் இருக்கும்" என்பார்கள். எந்தெந்தக் கோட்டில் என்றால் ஒரே ஒரு கோட்டைக் காட்டுவார்கள். ஒரு கோட்டை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. குறைந்தது ஐந்து கோடுகளாவது வேண்டும்; சிறிய என் (N, மூலக்கூறின் சுழற்சியைக் குறிக்கும் குவாண்டம் எண்) இரண்டு, நடுவில் இரண்டு, பெரிய என் ஒன்று. ஐந்துக்கும் உறிஞ்சுதல் வளைவின் கீழ் அளந்த பரப்பைப் பட்டியல் மதிப்பால் வகுத்து வரிசையாக எழுதுங்கள். அந்த ஐந்து எண்கள் எப்படிப் பிசகியிருக்கின்றன என்பதில்தான் நோய் தெரியும். லேசரைக் கழற்றுவது, புதிது வாங்குவது எல்லாம் அப்புறம்.

பெயர் வைக்கும் முறை தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வரி: பிபி(9) என்றால் முதல் எழுத்து என் மாற்றம், இரண்டாவது ஜே (J, தற்சுழற்சியும் சேர்ந்த மொத்தச் சுழற்சி எண்) மாற்றம், அடைப்புக்குள் இருப்பது கீழ்நிலையின் என்; பி (P) என்றால் ஒன்று குறைகிறது, கியூ (Q) என்றால் மாறவில்லை, ஆர் (R) என்றால் ஒன்று கூடுகிறது. ஏ பட்டையில் நான்கே கிளைகள்: பிபி, பிகியூ, ஆர்ஆர், ஆர்கியூ. கோடுகள் சுமார் 2 செ.மீ⁻¹ (அலைஎண்ணின் அலகு) இடைவெளியில் இரட்டை இரட்டையாக வரும்.

அறிகுறி 1: ஐந்து கோடுகளும் ஒரே விகிதத்தில் பிசகுகின்றன

இது நல்ல செய்தி. கருவியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. கணக்கில்தான் எங்கோ தவறு. விகிதமே காட்டிக்கொடுத்துவிடும்.

2.303 வந்தால் பத்தடி மடக்கையையும் இயல் மடக்கையையும் குழப்பியிருக்கிறீர்கள். 1.33 என்றால் டார் என்ற அழுத்த அலகில் உள்ளதை மில்லிபாராக எடுத்திருக்கிறீர்கள், அல்லது நேர்மாறாக. 4.77 என்றால் காற்றில் ஆக்சிஜன் பங்கான 0.2095 விடுபட்டுவிட்டது. சரியாக 2 வந்தால் இரண்டு சந்தேகம்: ஒளி செல்லுக்குள் இரண்டு முறை போய்வருகிறது, அல்லது அரை அகலத்தை முழு அகலமாகப் போட்டிருக்கிறீர்கள். 1.48 வந்தால் லாரன்ஸ் வடிவக் கோட்டின் பரப்பைக் காஸ் வடிவச் சூத்திரத்தால் கணக்கிட்டிருப்பீர்கள்.

பலரை நாள்கணக்கில் அலையவிடுவது 1.084தான். எட்டு சதவீதம் என்பது அளவுப் பிழை மாதிரியே தோன்றும், யாரும் கணக்கைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் கன செ.மீ.க்கு 2.687 × 10¹⁹ மூலக்கூறுகள் என்று புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்கள். அது 273.15 கெல்வினுக்கான எண். ஹிட்ரானின் அடிப்படை வெப்பநிலை 296 கெல்வின், அங்கே 2.479 × 10¹⁹. இரண்டையும் வகுத்தால் 1.084.

அரை சதவீதம் மட்டும் பிசகினால் ஐசோடோப்பு பங்கை இரண்டு முறை பெருக்கியிருக்கிறீர்கள். ஹிட்ரான் கொடுக்கும் வலிமையில் 0.995 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

செல்லில் சுத்த ஆக்சிஜன் இல்லாமல் அறைக் காற்றையே அளப்பவர்களுக்கு இன்னொன்று. 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் காற்றில் மூன்று சதவீதத்துக்கு மேல் நீராவி. 0.2095 என்பது உலர்ந்த காற்றுக்கு. அந்த அறையில் அது 0.2025 ஆகிவிடும். ஏசி அறையில் அளந்துவிட்டு ஏசி இல்லாத அறையில் திரும்ப அளந்தால் இந்த வித்தியாசம் கண்முன் தெரியும்.

விகிதம் இவற்றில் எதோடும் பொருந்தவில்லை, ஆனால் எல்லாக் கோட்டிலும் ஒன்றாகவே குறைகிறது என்றால் ஒளிக்கற்றையை ஓர் அட்டையால் மறைத்துப் பாருங்கள். டிடெக்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். பத்து சதவீதம் மிச்சம் காட்டினால் உங்கள் பரப்பும் பத்து சதவீதம் குறைந்திருக்கும். இதற்கும் அடங்காவிட்டால் அதிர்வெண் அச்சு நீண்டோ சுருங்கியோ இருக்கலாம். அச்சு எவ்வளவு இழுபட்டதோ அவ்வளவு பரப்பும் இழுபடும். தனியாக அளவுகோல் வாங்க வேண்டியதில்லை: பிகியூ(9) 13093.66-இலும் பிபி(9) 13091.71-இலும் இருக்கின்றன. இடைவெளி 1.95 செ.மீ⁻¹. உங்கள் அச்சில் அது 2.05 என்று வந்தால் பிழை கிடைத்துவிட்டது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஓரிரு சதவீதம் பிசகுகிறது என்றால் மிச்சம் அழுத்தமானிதான். அதை நாமே சரிசெய்ய முயலக்கூடாது. அளவுத்திருத்தம் செய்து சான்று தரும் கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

அறிகுறி 2: அழுத்தம் குறையக் குறைய வலிமை கூடிக்கொண்டே போகிறது

என்னிடம் வரும் புகார்களில் மிக அதிகம் இதுதான். எனக்கே நடந்ததும் இதுதான்.

50 செ.மீ. செல்லில் 100 டார் சுத்த ஆக்சிஜன் வைத்து அளந்தேன். வலிமை முப்பது சதவீதம் கூடுதல். அழுத்தமானியை மாற்றினேன், லேசரை மாற்றினேன். ஒரு வாரம் போயிற்று. கடைசியில் செல்லில் இருந்த வாயுவை முழுக்க வெளியேற்றிவிட்டு, டீ குடிக்கப் போகும்போது ஸ்கேனை மட்டும் ஓடவிட்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் காலியான செல்லில் ஆக்சிஜன் கோடு ஜம்மென்று நிற்கிறது.

லேசருக்கும் செல்லுக்கும் இடையே, செல்லுக்கும் டிடெக்டருக்கும் இடையே மொத்தம் 10 செ.மீ. காற்று இருந்தது. மற்ற வாயுக்களை அளப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஆக்சிஜனை அளப்பவன் அந்த வாயுவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். கணக்கு எளிது: செல்லில் 0.132 வளிமண்டலம் × 50 செ.மீ. = 6.6, வெளியே 0.2095 × 10 = 2.1. அதாவது செல்லின் அளவில் 32 சதவீதம். ஒரு மீட்டர் அறைக் காற்றே ஏ பட்டையின் வலுவான கோட்டின் உச்சியில் மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஒளியைத் தின்றுவிடும்.

சோதிக்கும் வழி: நான்கைந்து அழுத்தங்களில் பரப்பை அளந்து அழுத்தத்துக்கு எதிராக வரையுங்கள். கோடு பூஜ்யத்தில் போய் முட்ட வேண்டும். மேலே வெட்டினால், அந்த வெட்டு உயரம்தான் வெளிக்காற்று. கண்ணாலும் கண்டுபிடிக்கலாம்: செல்லுக்குள் குறைந்த அழுத்தத்தில் கோடு ஒல்லியாக இருக்கும். அதன் காலடியில், பக்கத்துக்கு 0.05 செ.மீ⁻¹ அகலத்தில் ஒரு தட்டையான மேடு தெரிந்தால் அது அறைக் காற்று.

சரிசெய்ய, செலவு குறைந்ததிலிருந்து: முதலில் இடைவெளியைக் குறையுங்கள், டிடெக்டரை ஜன்னலோடு ஒட்டி வையுங்கள். அடுத்தது, காலி செல் ஸ்கேனைப் பதிவுசெய்து ஒவ்வொரு முறையும் கழியுங்கள். அறை வெப்பநிலை மாறாதவரை இது போதும். அதுவும் போதாவிட்டால் வெளிப்பாதை முழுவதையும் பாலித்தீன் பையால் மூடி உள்ளே நைட்ரஜன் ஓட விடுங்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் இதைச் செய்யாதீர்கள். நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, மூச்சு முட்டுவதும் தெரியாது. மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். கதவு திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் காலி செல்லில் மிச்சம் தெரிந்தால் லேசர் உறைக்குள்ளோ டிடெக்டர் மூடிக்குள்ளோ காற்று புகுந்திருக்கிறது. அதை நாம் திறக்கக்கூடாது, தயாரித்தவர்களிடம்தான் போக வேண்டும்.

அறிகுறி 3: கோடு இருக்கிறது, எந்தக் கோடு என்று தெரியவில்லை

வலிமை மூன்றில் ஒரு பங்கு பிசகுகிறது, விகிதங்களில் ஒழுங்கே இல்லை என்றால் பெரும்பாலும் கோட்டின் பெயரையே தவறாக வைத்திருப்பீர்கள். காரணம் அலைநீளம். சில மானிகள் காற்றில் உள்ள அலைநீளத்தைக் காட்டும், சில வெற்றிடத்தில் உள்ளதை. பிபி(9) வெற்றிடத்தில் 763.84, காற்றில் 763.63 நானோமீட்டர். 0.21 நானோமீட்டர் தானே என்று விட்டால், அது அலைஎண்ணில் 3.6 செ.மீ⁻¹. இரட்டைக்கோடுகளுக்குள் இடைவெளி 2, ஒரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் ஏழு. ஆக 3.6 நகர்ந்தால் சரியாக இரண்டு ஜோடிகளுக்கு நடுவில் போய் நிற்பீர்கள். இடப்பக்கமும் பொருந்தும், வலப்பக்கமும் பொருந்தும்.

மானியை நம்பாமல் அடையாளம் காண ஒரு வழி உண்டு. பிபி(1) தனிக்கோடு, அதற்கு ஜோடி கிடையாது. பிகியூ(1) வர வேண்டுமானால் ஜே பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்குத் தாவ வேண்டும்; அது நடக்காது. பட்டையின் நடுவில் 13118.04-இல் ஒற்றையாக நிற்பது அதுதான். அதற்கும் அந்தப் பக்கத்து ஆர்ஆர்(1) கோட்டுக்கும் நடுவில் 8.35 செ.மீ⁻¹ வெற்று இடைவெளி. அங்கிருந்து ஜோடி ஜோடியாக எண்ணிக்கொண்டு வாருங்கள்: 3, 5, 7, 9. லேசரின் வெப்பநிலையை மாற்றி அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் அலைஎண் மானி உள்ள ஆய்வகம் ஒன்றில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். வாங்கும் விலைக்கு அது கட்டுப்படியாகாது.

அறிகுறி 4: என் (N) கூடக்கூடப் பிசகும் கூடுகிறது

வெப்பநிலை. வேறு எதையும் முதலில் தேட வேண்டாம்.

பிபி(9) கோட்டின் கீழ்நிலை ஆற்றல் சுமார் 130 செ.மீ⁻¹. ஒரு டிகிரி தவறினால் வலிமை 0.13 சதவீதம்தான் மாறும். பிபி(25)-க்கு அது சுமார் 930. அங்கே ஒரு டிகிரிக்கு 1.2 சதவீதம். வெப்பமானியைச் செல்லின் வெளிச்சுவரில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் சூடான மின்னணுப் பெட்டியை வைத்திருந்தால் ஐந்து டிகிரி தவறுவது சர்வசாதாரணம். பிபி(25) ஆறு சதவீதம் பிசகும், பிபி(9) நன்றாகவே இருக்கும். அதனால்தான் ஒரே கோட்டை நம்பாதீர்கள் என்கிறேன்.

சோதனை: ஒவ்வொரு கோட்டின் பரப்பையும் அதன் சுழற்சிக் காரணியால் (அறிகுறி 5-இல் வரும் எண்) வகுத்து, இயல் மடக்கை எடுத்து, கீழ்நிலை ஆற்றலுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வர வேண்டும். 1.4388-ஐ (ஆற்றலைச் செ.மீ⁻¹-இலிருந்து கெல்வினுக்கு மாற்றும் எண்) அதன் சரிவால் வகுத்தால் வாயுவின் உண்மையான வெப்பநிலை கெல்வினில் கிடைக்கும். 296 கெல்வினுக்குச் சரிவு 0.00486. உங்கள் வெப்பமானியைவிட இது நம்பகமானது. நேர்கோடாக வராமல் வளைந்தால் இது வெப்பநிலைப் பிரச்சினை அல்ல, அறிகுறி 5-க்கோ 6-க்கோ போங்கள்.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தவே முடியாத இடம் என்றால் கோட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் மலிவான மருந்து. வலிமை மட்டும் வேண்டுமானால் பிபி(11), டிகிரிக்கு 0.03 சதவீதம்கூட மாறாது. ஆனால் அழுத்தத்தை நிலையாக வைத்துப் பரப்பை அளப்பவர்கள் அதை எடுக்கக்கூடாது. வெப்பம் கூடினால் வாயுவும் மெலிகிறது, டிகிரிக்கு 0.34 சதவீதம். இரண்டும் அடித்துக்கொண்டு போவது பிபி(17) பக்கம்தான். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பிபி(11)-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு, "மாறாது என்று சொன்னீர்களே" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர் உண்டு.

அறிகுறி 5: பிபி சரி, ஆர்ஆர் சரி, பிகியூவும் ஆர்கியூவும் மட்டும் தவறு

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இங்கே அளவு சரி, ஒப்பிடும் எண்தான் தவறு. பட்டியலிலிருந்து வலிமையை எடுக்காமல், தானே நிரல் எழுதிக் கணக்கிடுபவர்களுக்கு இது வரும்.

பாடப்புத்தகத்தின் ஹுண்ட் 'பி' வகைச் (Hund's case b; எலெக்ட்ரான் தற்சுழற்சி மூலக்கூறின் அச்சோடு பிணைந்திருக்காது என்று வைக்கும் தோராயம்) சூத்திரத்தைப் போட்டால் காரணிகள் அழகாக வரும்: பிபிக்கு என்+1, பிகியூவுக்கு என்−1, ஆர்ஆருக்கு என், ஆர்கியூவுக்கு என்+2. ஆனால் ஆக்சிஜனின் தரைநிலையில் தற்சுழற்சிப் பிணைப்பு மாறிலி 1.985, சுழற்சி மாறிலி 1.438 செ.மீ⁻¹. முதலாவதைப் புறக்கணிக்க முடியாது: அது ஒரே ஜே உள்ள, என் வேறான நிலைகளை ஒன்றோடொன்று கலக்கிறது. ஜே = என் நிலைகள் கலப்பதில்லை, அதனால் பிபியும் ஆர்ஆரும் தப்பிவிடுகின்றன. மற்ற இரண்டும் மாட்டிக்கொள்கின்றன.

எவ்வளவு என்று பாருங்கள். பிகியூ(3)-க்குச் சூத்திரம் 2 என்கிறது. கலப்பைச் சேர்த்தால் 2.69. ஆர்கியூ(1)-க்கு 3 என்கிறது, உண்மையில் 2.31. என் பெரிதானால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்: பிகியூ(11)-இல் 10-க்குப் பதில் 10.69, இன்னும் ஏழு சதவீதம். தோராயத்துக்கு ஒரு சுருக்கு வழி: பிகியூவுக்கு என்−0.3, ஆர்கியூவுக்கு என்+1.3 என்று போடுங்கள்.

அளவிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே ஸ்கேனில் வரும் ஜோடியின் விகிதத்துக்கு அழுத்தமும் வேண்டாம், நீளமும் வேண்டாம். பிகியூவைப் பிபியால் வகுத்தால் காரணிகளின் விகிதம் என் = 3-க்கு 0.67, 5-க்கு 0.78, 7-க்கு 0.84, 9-க்கு 0.87 என்று ஏற வேண்டும். பிகியூவின் கீழ்நிலை 2 செ.மீ⁻¹ தாழ்ந்திருப்பதால் அளவில் ஒரு சதவீதம் கூடுதலாக வரும். இந்த வரிசை உங்களுக்கு வந்தால் கருவி நலம், நிரலைத் திருத்துங்கள். மூன்றுக்கு 0.5 என்று நிரல் சொன்னால் அது 'பி' வகையில் ஓடுகிறது. ஷ்லாப் 1937-இலும் வாட்சன் 1968-இலும் இந்தக் கலப்போடு சேர்த்த சூத்திரங்களை எழுதிவைத்துவிட்டார்கள். புதிதாகத் தருவிக்க வேண்டியதில்லை.

அறிகுறி 6: வலுவற்ற கோடுகள் சரி, வலுவானவை குறைகின்றன

ஃபூரியே நிறமாலைமானி வைத்திருப்பவர்கள் முதலில் பிரிதிறனைப் பாருங்கள். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் ஓட்டத்தால் வரும் டாப்ளர் அரை அகலமே 0.014 செ.மீ⁻¹தான். கருவி அதைவிட அகலமாக இருந்தால் உச்சி மழுங்கும். உச்சி உயரத்தை விட்டுவிட்டு, கருவி வடிவத்தையும் சேர்த்து ஃபிட் செய்யுங்கள். லேசர் வைத்திருப்பவர்கள், கோட்டின் நிறத்தில் இல்லாத பரவலான ஒளியும் டிடெக்டருக்குள் வருகிறதா என்று பாருங்கள். டிடெக்டருக்கு முன் குறுகிய வடிகட்டி ஒன்று போட்டால் பெரும்பாலும் தீரும். தீராமல் லேசர் இரண்டு மோடில் (ஒரே நேரத்தில் இரண்டு அலைநீளத்தில்) ஓடினால் அது கிழடு தட்டிவிட்டது. மாற்றுங்கள்.

அறிகுறி 7: இருக்கக் கூடாத கோடுகள் தெரிகின்றன

ஜோடிகளுக்கு நடுவே மிகச் சிறிய கோடுகள், பெரியவற்றில் சுமார் 0.2 சதவீத உயரத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆக்சிஜன் 16-18 அது. இயற்கையில் 0.4 சதவீதம் உண்டு. 16-16-இல் ஒற்றைப்படை என் மட்டுமே இருக்கும். 16-18-இல் எல்லா என்னும் உண்டு. அதனால் அதன் பங்கு இரண்டு மடங்கு கோடுகளில் பிரிந்துபோகிறது. உங்கள் நிரலில் 16-16-க்கே இரட்டைப்படை என் கோடுகள் வந்தால் அது நிரல் பிழை.

அறிகுறி 8: ஃபிட் செய்த பிறகு மிச்சத்தில் ஒரு வடிவம் தெரிகிறது

அலை அலையாக, சீரான இடைவெளியில் வந்தால் ஃபிரிஞ்ச், அதாவது கண்ணாடியின் இரு பக்கமும் பட்டுத் திரும்பும் ஒளியின் குறுக்கீடு. 5 மி.மீ. கண்ணாடி ஜன்னல் சுமார் 0.67 செ.மீ⁻¹ இடைவெளியில் அலை தரும். ஜன்னலை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலின் சூட்டில் அலை நகர்ந்தால் குற்றவாளி அந்த ஜன்னல்தான். கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது ஆப்பு வடிவ ஜன்னல் கேளுங்கள்.

கோட்டுக்கு நடுவில் மட்டும், குறைந்த அழுத்தத்தில், ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி வந்தால் வோய்ட் வடிவம் (காஸும் லாரன்சும் சேர்ந்தது) போதவில்லை. மோதல்கள் டாப்ளர் அகலத்தைச் சுருக்குகின்றன, டிக்கி விளைவு. பரப்பில் ஒரு சதவீத அளவில் பிசகு வரும். அந்த ஒரு சதவீதம் உங்களுக்கு முக்கியமில்லை என்றால் விட்டுவிடுங்கள், உண்மையாகவே.

ஒரு வளிமண்டலத்திலும் அதற்கு மேலும் கோடுகளுக்கு இடைப்பட்ட இடம் பூஜ்யத்துக்கு இறங்காமல் நின்றால் கோடுகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. மோதலால் தூண்டப்படும் அகலமான உறிஞ்சுதலும் அடியில் இருக்கிறது. அழுத்தத்தை 200 டாருக்குக் கீழே இறக்குங்கள், போய்விடும். இறக்க முடியாத வேலை என்றால், அதாவது சூரிய ஒளியிலோ செயற்கைக்கோளிலோ அளப்பதென்றால், பல நிறமாலைகளைச் சேர்த்து ஃபிட் செய்யத் தெரிந்தவர் ஒருவரை இப்போதே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக உட்கார்ந்து தீர்க்கும் விஷயம் அல்ல அது.

அறிகுறி 9: இதெல்லாம் பார்த்தேன், ஆனால் என் கோடுகள் 1.27 மைக்ரோமீட்டரில் இருக்கின்றன

அது ஆக்சிஜனின் வேறொரு பட்டை. அப்படியானால் மேலே சொன்ன கிளைக் கணக்கு பொருந்தாது. அங்கே காந்த இருமுனைக் கிளைகளே ஒன்பது. நடுவில் கியூ கிளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பட்டை முழுவதையும் சேர்த்தாலும் ஏ பட்டையைவிட ஏறத்தாழ எழுபது மடங்கு பலவீனம். 50 செ.மீ. செல்லை வைத்துக்கொண்டு "சிக்னலே இல்லை" என்றால் கருவியைத் திட்ட வேண்டாம். பல நூறு மீட்டர் பாதை வேண்டும், அல்லது ஒளி உள்ளேயே சுற்றும் குழிவு வேண்டும், இல்லாவிட்டால் சூரியனையே விளக்காக வைத்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து கீழே பார்க்கும் கருவியில் கோடுகள் ஆழம் குறைந்து தெரிந்தால், பகலில் ஓசோன் உடையும்போது பிறக்கும் கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் அதே நிறத்தில் ஒளிவிடுகிறதா என்று பாருங்கள். அந்த ஒளி கோட்டுப் பள்ளத்தை நிரப்பிவிடும்.

ஒப்பிடும் விகிதங்களில் தொடங்குவது மட்டும் இங்கேயும் அதேதான். ஐந்து கோடுகள், ஐந்து எண்கள்.